மொக்காசின் முனை கோணிக்கொள்கிறது, ஒரு பக்கம் துளை மிஞ்சுகிறது. உதவி தேவை!

கிளமெண்டிக்காரன்
வணக்கம். முதன்முதலாக மொக்காசின் தைக்கிறேன், அதாவது அடித்தோலின் ஓரத்தையே மேலே மடித்து, பாதத்தின் மேல் வரும் துண்டோடு சேர்த்துத் தைக்கும் மென்மையான தோல் காலணி. மேல்துண்டை அடித்தோலோடு சேர்த்துத் தைத்துக்கொண்டே வந்தால், முனை இடதுபக்கம் இழுத்துக்கொள்கிறது. முடிக்கும் இடத்தில் அடித்தோலில் நிறைய துளைகள் மிஞ்சி நிற்கின்றன. பிரித்துப் பிரித்துத் தைத்தும் அதே கதைதான். தீபாவளிக்கு அப்பா காலில் போட்டுப் பார்க்க வேண்டும். அவசரம், யாராவது சொல்லுங்கள்.

பிடோக் அக்கா
என்ன தோல் தம்பி? தடிமன் எவ்வளவு? இரண்டு துண்டிலும் துளைக்குத் துளை எவ்வளவு இடைவெளி? எந்த இடத்தில் தையலைத் தொடங்கினீர்கள்? படமும் போடுங்கள்.

கிளமெண்டிக்காரன்
மாட்டுத்தோல்தான் அக்கா. படம் இரவு வேலை முடிந்து வந்து போடுகிறேன்.

குத்தூசி
படமே வேண்டாம், இது தோல் வெட்டிய திசைக் கோளாறு. முதுகெலும்பு ஓடும் திசையில் தோல் அதிகம் நீளாது. அதற்குக் குறுக்கே, வயிற்றுப் பக்கம் போகப் போக நன்றாக நீளும். பாதத்தின் நீளவாக்கு முதுகெலும்போடு ஒத்துப்போக வேண்டும். அப்போதுதான் போடப் போட அகலத்தில் மட்டும் கொஞ்சம் இளகி, காலோடு ஒட்டி நிற்கும். திசை பார்க்காமல் வெட்டினால் ஒரு கால் இடப்பக்கமும் இன்னொரு கால் வலப்பக்கமும் இழுக்கும். துண்டைக் கையில் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பிடோக் அக்கா
திசை முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் திசை தப்பினால் துளை எப்படி மிஞ்சும்? நான் கேட்டதற்குத் தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை.

தோல்வேலை மூத்தவர்
இதே கேள்வி இங்கே பல தடவை வந்துவிட்டது, தேடிப் பார்த்திருக்கலாம். புதிதாக வருகிற எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் வங்கி அட்டை வைக்கும் சிறு உறை தையுங்கள், அப்புறம் பர்ஸ், அப்புறம் பெல்ட். இரட்டை ஊசித் தையலில் கை பழகாதவர் காலணியைத் தொடவே கூடாது. வளைந்த தையல் என்பது இரண்டாம் வருடப் பாடம்.

ஈசூன் ரவி
ஐயா, ஆசையோடு கேட்கிற பையனை இப்படி விரட்டினால் யார்தான் கற்றுக்கொள்ள வருவார்கள்? காலணிகளிலேயே புதியவர் கைக்கு அடங்குவது இதுதான். கால் வடிவ அச்சுக்கட்டை வேண்டாம், குதிக்கட்டை வேண்டாம். வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் எலும்புக் குத்தூசியும் விலங்குத் தசைநாரும் கொண்டு தைத்தது. தம்பி, துணிந்து தையுங்கள்.

கிளமெண்டிக்காரன்
தோல் சித்தப்பா சென்னை பெரியமேட்டில் வாங்கி வந்தது. தடிமன் அளக்கவில்லை, ரொட்டி அட்டையைவிடக் கனம். பழுப்பு நிறம். துளை எல்லாம் ஒரே பல் பஞ்ச் கொண்டு போட்டது (ஒரே அடியில் வரிசையாகத் துளை போடும் கருவி), இடைவெளி 5 மில்லிமீட்டர். தையல் இடதுபக்க ஓரத்தில் தொடங்கி வலதுபக்கம் முடிக்கிறேன். படம் ஏற மாட்டேன் என்கிறது.

பிடோக் அக்கா
அவ்வளவுதான், வியாதி தெரிந்துவிட்டது. மேல்துண்டும் 5, அடித்தோலும் 5 என்று துளை போட்டால் கணக்கு எப்படி ஒத்துவரும்? முன்வளைவில் அடித்தோலின் ஓரம் மேல்துண்டின் ஓரத்தைவிட நீளம். அந்த அதிகப்படி நீளத்தைத்தான் சுருக்கம் சுருக்கமாக உள்ளே தள்ளுகிறோம். ஆகையால் இரண்டிலும் துளைகளின் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும், இடைவெளி வேறாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மேல்துண்டின் வளைவு 18 சென்டிமீட்டர், அடித்தோலின் வளைவு 27 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே 4 மில்லிமீட்டர், கீழே 6 மில்லிமீட்டர் விட்டால் இரண்டிலும் 45 இடைவெளி வரும். வளைவு முடிந்து இருபுறமும் நேராக ஓடும் பகுதியில் மேலும் கீழும் ஒரே இடைவெளி போதும்.

அடுத்தது, ஓரத்திலிருந்து தொடங்காதீர்கள். இரண்டு துண்டிலும் முனையின் நடுத்துளையைப் பென்சிலால் குறியுங்கள். அங்கிருந்து ஐந்துக்கு ஒரு துளையாக இருபுறமும் குறி வையுங்கள். நடு, வளைவு முடியும் இரண்டு இடங்கள், இவற்றைத் துண்டு நூலால் தற்காலிகமாகக் கட்டுங்கள். பிறகு நடுவில் நூலின் பாதியைவிட்டு ஒரு பக்கம் தைத்து முடித்து, மீதி நூலில் மறுபக்கம் தையுங்கள். ஓரத்தில் தொடங்கினால் ஒவ்வொரு தையலிலும் சேரும் சிறு இழுப்பு எல்லாம் ஒரே பக்கம் போய்ச் சேரும். முனை கோணுவது அதனால்தான்.

குத்தூசி
அக்கா சொன்ன கணக்கு சரி. ஆனாலும் திசையைப் பார்க்காமல் விடாதீர்கள், துளை சரியானாலும் ஒரு மாதத்தில் கோணும்.

தெம்பனீஸ் மணி
பெரியமேட்டுப் பழுப்புத் தோல் என்றால் ஆவாரம் பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடித்த தோலாக இருக்கலாம். வெட்டிய விளிம்பைப் பாருங்கள். உள்வரை ஒரே பழுப்பு என்றால் தாவரப் பதனீடு. நடுவில் நீலச்சாம்பல் கோடு தெரிந்தால் குரோம், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாலும் தெரியும், தாவரத்தோல் சட்டென்று குடித்துக் கறுக்கும். தாவரத்தோல் என்றால் அடித்தோலின் ஓரத்தை மட்டும் ஈரப்பஞ்சால் நனைத்துத் தையுங்கள். சுருக்கங்களைக் கரண்டியின் முதுகால் அழுத்தினால் படிந்து, காய்ந்ததும் அப்படியே நிற்கும். குரோம் தோல் அப்படி நிற்காது. அதில் சுருக்கத்தைச் சிறிதாக, நெருக்கமாக எடுக்க வேண்டும். தடிமன் 1.6 முதல் 2 மில்லிமீட்டர் வரை கைக்கு அடங்கும், அதற்கு மேல் சுருக்கம் எடுப்பது கடினம்.

ஈசூன் ரவி
ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கி எரித்துப் பார்த்தாலும் தெரியுமே. குரோம் சாம்பல் பச்சையாக இருக்கும்.

தெம்பனீஸ் மணி
வீட்டுக்குள் அதைச் செய்ய வேண்டாம் ரவி. குரோம் தோலை எரித்தால் அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாறலாம். தண்ணீர்ச் சொட்டே போதும்.

தோல்வேலை மூத்தவர்
தாவரத்தோல் என்றால் நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். தைத்ததும் தேங்காய் எண்ணெய் தேய்த்து வையுங்கள்.

குத்தூசி
தேங்காய் எண்ணெயா! தோல் தளர்ந்து தொங்கிப் போகும். மாட்டுக்கால் எண்ணெய்தான் தோலுக்கு என்றே உள்ளது.

தோல்வேலை மூத்தவர்
முப்பது வருடமாகத் தேய்க்கிறேன். என் பெல்ட் இன்னும் கயிறு மாதிரி உறுதியாக இருக்கிறது.

குத்தூசி
பெல்ட்டும் மொக்காசினும் ஒன்றா ஐயா? பெல்ட் 4 மில்லிமீட்டர்.

பிடோக் அக்கா
எந்த எண்ணெயானாலும் அளவு மிஞ்சினால் தோல் தளரும், அதிகப்படி கொழுப்பில் பூஞ்சையும் வரும். துணியில் தொட்டு ஒரு கை தடவினால் போதும். பூஞ்சைக்கு எண்ணெய் மருந்தே இல்லை, காற்றோட்டம்தான் மருந்து. மூடிய காலணி அலமாரியில் வைக்காமல் மின்விசிறி அடிக்கும் இடத்தில் வையுங்கள். மழையில் நனைந்தால் உள்ளே காகிதம் அடைத்து நிழலில் காய விடுங்கள். பழங்குடி மக்கள் விலங்கின் மூளையைத் தேய்த்துப் பதனிட்ட தோலுக்குப் புகை போட்டது நனைந்து காய்ந்தாலும் விறைக்காமல் இருக்கத்தான். நம் தோலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, ஆகவே இது வீட்டுக்குள் போடும் செருப்பு என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

உட்லண்ட்ஸ் செல்வி
இடையில் என் கேள்வி. வெளியே போட ரப்பர் அடிப்பாகம் ஒட்டலாமா? வாங்கி வைத்த ஒரு ஜோடி அலமாரியிலேயே மாவாக உதிர்ந்து போயிற்று, அந்தப் பயம்.

தெம்பனீஸ் மணி
உதிர்ந்தது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகையாக இருக்கும். காற்றின் ஈரமே அதைச் சிதைத்துவிடும், போடாமல் வைத்தால் இன்னும் மோசம். ரப்பர் தகடு அப்படி உதிராது. ஒட்டும் முன் தோலின் பளபளப்பை உப்புத்தாளால் உரசி எடுங்கள், இரண்டு பக்கமும் பசை தடவிச் சற்று உலரவிட்டு அழுத்துங்கள்.

ஈசூன் ரவி
இன்னொன்று தம்பி, இரவில் சுத்தியலால் பஞ்ச் அடிக்காதீர்கள். நம் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கீழ்வீட்டார் பாவம், தலைக்கு மேல் தட்டுவது போலவே கேட்கும். மடித்த துண்டின் மேல் கனமான பலகை வைத்து அடித்தால் ஓரளவு அடங்கும். அதைவிடக் குத்தூசியால் கையில் குத்துவதே மேல், எப்படியும் 4, 6 என்று வேறு வேறு இடைவெளிக்குப் பல் பஞ்ச் உதவாது. மெழுகு நூல் தீர்ந்தால் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸில் தையல் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

பிடோக் அக்கா
தம்பி, என்ன ஆயிற்று? ஆளையே காணோமே.

தோல்வேலை மூத்தவர்
அட்டை உறையில் தொடங்கியிருந்தால் இந்நேரம் பர்ஸுக்கு வந்திருப்பார்.

கிளமெண்டிக்காரன்
மன்னிக்கவும், இரட்டை ஷிப்ட். தண்ணீர்ச் சொட்டு உடனே உள்ளே போயிற்று, தாவரத்தோல்தான். அடித்தோலைப் புதிதாக வெட்டி, நடுவிலிருந்து தைத்தேன். இடது கால் நேராக வந்துவிட்டது, துளை எதுவும் மிஞ்சவில்லை. அக்காவுக்கு ரொம்ப நன்றி. குதிகால் மட்டும் கொஞ்சம் தளர்வு.

பிடோக் அக்கா
நல்லது. குதித் தையலைப் பிரித்து இருபுறமும் 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளித் தையுங்கள். முதலில் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும், போடப் போட இளகும். வலது காலுக்கு அச்சுத்தாளைத் திருப்பிப் போட்டு வெட்ட மறக்காதீர்கள்.