புதுப்பிப்பு: பாளையங்கோட்டை அலுவலகத்துக்குப் பிளாட்டர் வாங்கியாச்சு

வீட்டுப் பிளான் போடும் எங்கள் சின்ன அலுவலகத்துக்கு 24 இஞ்ச் பிளாட்டர் (பெரிய தாளில் பிளான் அடிக்கும் பிரிண்டர்) போதுமா, 36 வேண்டுமா, பழசு வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கடைசியில் வாங்கியது 24 இஞ்ச், புதுசு. ஏ1 தாளின் அகலம் 594 மி.மீ., 24 இஞ்ச் தாள் ரோலின் அகலம் 610, அடங்கிவிடும். அதைப்போல் இரண்டு மடங்கு பெரிய ஏ0 கேட்பவர்கள் அபூர்வம், வந்தால் வெளியே பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம்.

அதைவிட மை விஷயத்தில்தான் மண்டையை உடைத்துக்கொண்டோம். பிளான் கடைசியில் போய்ச் சேர்வது கொத்தனார் கைக்கு. சைட்டில் ஈரக்கை, சிமெண்ட் தண்ணீர், ஐப்பசியில் மழை வேறு. டை மை என்பது கரைந்த சாயம், தண்ணீர் பட்டால் கலங்கும். பிக்மென்ட் மையில் இருப்பது கரையாத நிறத்துகள், ஓரளவு தாங்கும். எச்பி டிசைன்ஜெட் டி250இல் கறுப்பு மட்டுமே பிக்மென்ட், மற்ற மூன்று நிறமும் டை. எப்சன் ஷ்யூர்கலர் டி3130இல் நான்குமே பிக்மென்ட். அதையே எடுத்தோம்.

பழைய மெஷின் மலிவுதான். ஆனால் சும்மா கிடந்ததில் மை காய்ந்து, மை தெளிக்கும் ஹெட் அடைத்திருந்தால், மிச்சம் பிடித்த காசெல்லாம் ஹெட்டுக்கே போய்விடும். நம்ம ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம், கோயில் கொடைக்கு இதிலேயே ஃப்ளெக்ஸ் அடிக்கலாமா என்று கேட்ட அண்ணாச்சிக்கு: முடியாது. இது தண்ணீர் சார்ந்த மை, ஃப்ளெக்ஸில் பிடிக்காது. அதற்கு சால்வென்ட் (ரசாயனக் கரைப்பான்) மை போடும் மெஷின் மாதிரி வேறு வகை வேண்டும்.