சாக்கடைத் தண்ணீரிலிருந்து பாஸ்பரஸ் உரம்: நிஜமா, வெறும் வீடியோவா?

கொங்குத்தோப்பு:
பொள்ளாச்சிப் பக்கம் தென்னையும் கொஞ்சம் மக்காச்சோளமும் வைத்திருக்கிறேன். டிஏபி உர மூட்டைக்கு 1350 ரூபாய் என்று விலை போட்டிருக்கிறது, ஆனால் சோளம் விதைக்கிற நேரம் பார்த்துக் கடையில் சரக்கு இருக்காது. இருந்தாலும் கூடவே வேறு எதையாவது வாங்கச் சொல்லித் தலையில் கட்டுகிறார்கள். ஜெர்மனியில் சாக்கடைத் தண்ணீரிலிருந்தே பாஸ்பரஸ் உரம் எடுக்கிறார்கள் என்று ஒரு வீடியோ பார்த்தேன். நாட்டுச் சர்க்கரை மாதிரி பொலபொலவென்று இருந்தது. இது நிஜமாகவே வயலுக்குப் போகிறதா? நாற்றம், ஈயம், காட்மியம் எல்லாம் என்ன ஆகிறது? நம் ஊரில் ஏன் இல்லை?

மண்வாசி:
எனக்கு நம்பிக்கை இல்லைங்க. தோல் ஆலைத் தண்ணீர் கலக்கிற ஊரில் கசடை எடுத்து நிலத்தில் போட்டால் குரோமியமும் சேர்ந்துதான் வரும். கழுவி வெள்ளையாக்கிப் பையில் போட்டுவிட்டால் நல்லதாகிவிடுமா?

வடகடல்:
வட ஜெர்மனியில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். மண்வாசி கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அவர் சொல்வது கசடு, அதாவது சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும்போது தங்கும் சேறு. வீடியோவில் வந்தது ஸ்ட்ரூவைட் என்ற படிக உப்பு. இரண்டும் வேறு.

இது உரம் செய்யலாம் என்று ஆரம்பித்த விஷயமே இல்லை. குழாய் அடைப்பில் ஆரம்பித்தது. காற்றில்லாத தொட்டியில் கசடு செரிக்கும்போது பாஸ்பேட், அமோனியா, மெக்னீசியம் மூன்றும் தண்ணீரில் கரைந்து வரும். அந்தக் கசடு பம்ப், குழாய் வளைவு என்று தாண்டும் இடங்களில் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போய் பி.எச். ஏறும், அதாவது காரத்தன்மை கூடும். உடனே மூன்றும் சேர்ந்து உள்சுவரில் கல்லாகப் பிடித்துக்கொள்ளும், அதுதான் ஸ்ட்ரூவைட். சிறுநீரகக் கல்லில் ஒரு வகையும் இதே உப்புதான். அதை உடைத்து எடுக்க ஆள் விடுவார்கள், பாதி நேரம் அந்த ஆள் நான்தான்.

பெர்லின் விமான நிலையத்தை ஒட்டி இருக்கும் வாஸ்மன்ஸ்டார்ஃப் நிலையத்திலும் இதே தொல்லை இருந்தது. எப்படியும் எங்கேயோ படியத்தானே போகிறது, நாம் சொல்கிற இடத்தில் படியட்டும் என்று ஒரு தனித் தொட்டி வைத்தார்கள். கீழிருந்து காற்று ஊதி பி.எச்.சை ஏற்றி, மெக்னீசியம் குளோரைடு விடுவார்கள். படிகம் அடியில் இறங்கும். கழுவி, காயவைத்து, 'பெர்லினர் ஃப்ளான்ட்ஸே' என்ற பெயரில் விற்கிறார்கள். நிலையத்துக்கு உண்மையான லாபம் உர விற்பனையில் இல்லை. குழாய் அடைக்காது, கசடும் சுலபமாகத் தண்ணீரை விடும், அதில்தான் மிச்சம்.

கரைசலிலிருந்து படிகமாகப் பிரிவதால் கன உலோகங்கள் பெரும்பாலும் கசடோடு தங்கிவிடும். காட்மியத்துக்குப் பயந்தால், பாறையிலிருந்து செய்யும் பாஸ்பேட் உரத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். கழுவிக் காயவைத்ததில் நாற்றமும் இருக்காது. 2022-லிருந்து ஐரோப்பிய ஒன்றிய உர விதிகளும் இதை ஏற்றுக்கொள்கின்றன.

குறையும் உண்டு. கரைந்திருக்கும் பாஸ்பேட் மட்டும்தான் இப்படிக் கிடைக்கும், நிலையத்துக்குள் வருவதில் அது சிறு பங்குதான். இரும்பு உப்பு போட்டு பாஸ்பேட்டைப் பிடிக்கிற நிலையம் என்றால் இந்த வழியில் அனேகமாக ஒன்றும் தேறாது. அதனால்தான் கசடை எரித்துச் சாம்பலிலிருந்து எடுக்கும் வழியும் இருக்கிறது. 2017-ல் வந்த ஜெர்மன் சட்டப்படி, 1 லட்சம் பேருக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள நிலையங்கள் 2029 முதலும், 50,000-க்கு மேற்பட்டவை 2032 முதலும், கசடில் பாஸ்பரஸ் போதிய அளவு இருந்தால் மீட்டே ஆக வேண்டும். ஹாம்பர்க்கில் சாம்பலை அமிலத்தில் கரைத்துப் பாஸ்பாரிக் அமிலம் எடுக்க ஆலை கட்டினார்கள். 1669-ல் ஹென்னிக் பிராண்ட் தங்கம் தேடிச் சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சிப் பாஸ்பரஸைக் கண்டுபிடித்ததும் அதே ஊர்தான்!

கொங்குத்தோப்பு:
நல்ல விளக்கம் தம்பி. அப்போ சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு நிலையங்களில் கசடைச் செரிக்க வைத்துக் கரண்ட் எடுக்கிறார்களே, அங்கேயும் எடுக்கலாம்தானே? அப்புறம், டிஏபிக்குப் பதில் இதையே போட்டால் சோளம் வருமா?

வடகடல்:
செரிப்புத் தொட்டி இருந்தால் மட்டும் போதாது அண்ணா. அதற்கு முன்னால், நுண்ணுயிரிகள் பாஸ்பரஸை உடம்பில் சேர்த்து வைக்கும்படி சுத்திகரிப்பை அமைத்திருக்க வேண்டும். அப்போதுதான் செரிக்கும்போது கரைந்து வெளியே வரும்.

சோளத்துக்கு முழுவதும் இதையே நம்பச் சொல்ல மாட்டேன். டிஏபியில் தழைச்சத்து (நைட்ரஜன்) 18, மணிச்சத்து (பாஸ்பேட்) 46 சதவீதம். ஸ்ட்ரூவைட்டில் தழை 5-6, மணி 28, கூடவே மெக்னீசியம் 10 சதவீதம். இது தண்ணீரில் சுலபமாகக் கரையாது, வேர் விடும் அமிலத்தில்தான் கரையும். சுண்ணாம்பு மண் என்றால் இன்னும் மெதுவாகும். முளைத்த புதிதில் பயிர் கேட்கும் வேகத்துக்கு ஈடு கொடுக்காது, கொஞ்சம் டிஏபியோடு கலந்து போட வேண்டியிருக்கும். தென்னைக்குப் பொருந்தும், மெக்னீசியமும் அதற்கு வேண்டியதுதான்.

காவிரிக்கரை:
இவ்வளவு சுற்றுவானேன்? எங்கள் முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் எக்கோசான் கழிப்பறை கட்டியது. சிறுநீர் தனியாகப் பிரிந்து சேரும், அதைத் தண்ணீர் கலந்து வாழைக்கு விட்டுப் பார்த்தார்கள். ஒரு பொதுக் கழிப்பறையில் போகிறவருக்குக் காசு கூடக் கொடுத்தார்கள், கேலி பண்ணினவர்களும் உண்டு.

வடகடல்:
கேலி பண்ணினவர்களை விடுங்கள், கணக்கு முசிறி பக்கம்தான் இருக்கிறது. நம் உடம்பிலிருந்து போகும் பாஸ்பரஸில் பாதிக்கு மேல் சிறுநீரில்தான். சாக்கடையில் கலந்த பிறகு லிட்டருக்குச் சில மில்லிகிராம், கலக்கும் முன்னால் சில நூறு மில்லிகிராம். நேபாளத்தில் சித்திபூர் கிராமத்தில் சேர்த்து வைத்த சிறுநீரில் மெக்னீசியம் உப்பைக் கலந்து, துணியில் வடிகட்டி ஸ்ட்ரூவைட் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கரண்டே வேண்டாம். நம் பக்கம் உப்பளத்தில் மிஞ்சும் கசப்பு நீரிலேயே மெக்னீசியம் இருக்கிறது.

கொங்குத்தோப்பு அண்ணா, தென்னைக்கு வாங்கின மெக்னீசியம் சல்பேட் வீட்டில் இருந்தால் சின்ன அளவில் நீங்களும் செய்யலாம். மூடின கேனில் சில நாள் வைத்த சிறுநீரில் போட்டுக் கலக்கித் தெளிய விடுங்கள். அடியில் படிந்ததைத் துணியில் வடிகட்டி நிழலில் காயவையுங்கள், சூடேற்றினால் அமோனியா போய்விடும். லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம்தான் தேறும். தழைச்சத்து பெரும்பாலும் மேல்தண்ணீரிலேயே இருக்கும், அதைக் கொட்டிவிடாதீர்கள், தண்ணீர் கலந்து தென்னைக்கே விடுங்கள்.