ராமேசுவரம் தீவின் உப்புக் காற்றுக்கும் லோ வோல்டேஜுக்கும் எந்த 550 வாட் எஸ்எம்பிஎஸ் பொருந்தும்?

தங்கச்சிமடம் ஆல்பக்கடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் கல்யாண ஆல்பமும் வீடியோவும் தயாரித்துக் கொடுக்கும் சிறிய கடை நடத்துகிறேன். ரைசன் 5 5600 பிராசஸரும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளும் உள்ள கணினி. கேபினட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) இரண்டே ஆண்டுகளில் பழுதாகிவிட்டது. மாலையில் பக்கத்து ஐஸ் கம்பெனியின் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் நேரத்தில் கணினி தானாக அணைந்து மறுபடி எழும். அப்போது மல்டிமீட்டரில் 182 வோல்ட் காட்டியது. கழற்றிப் பார்த்தபோது மின்விசிறி வலையில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் ஒரு பின் மட்டும் பழுப்பேறி, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகிப் போயிருந்தது.

இப்போது மூன்றில் ஒன்றை வாங்க வேண்டும்: கோர்செய்ர் சிஎக்ஸ் 550, கூலர் மாஸ்டர் எம்டபிள்யூஇ 550 பிரான்ஸ் வி2, அல்லது கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய 650 வாட் கோல்டு மாடல் ஒன்று. முதல் இரண்டுக்கும் விலையில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் 80 பிளஸ் (மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான தரமுத்திரை) பிரான்ஸ்தான். எதை வைத்து முடிவு செய்வது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை சர்வீஸ் எழுதியது:

முதலில் உங்கள் தேவையைக் கணக்கிடுவோம். 4060 கார்டு 115 வாட் எடுக்கும். 5600 பிராசஸர் முழு வேகத்தில் 76 வாட் வரை போகும். மதர்போர்டு, டிஸ்க், விசிறிகள் எல்லாவற்றுக்கும் ஐம்பது, அறுபது வாட் வைத்துக்கொண்டாலும் மொத்தம் 250 வாட் அளவில் நிற்கும். 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இது பாதிச் சுமைதான் என்பதால் 650 உங்களுக்குத் தேவையே இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது பெட்டியின் முகப்பை அல்ல, எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் 'இன்புட்' என்ற வரியை. எம்டபிள்யூஇ 550 பிரான்ஸ் வி2 ஒரே பெயரில் இரண்டு வகையாக விற்கப்படுகிறது: ஒன்று 200 முதல் 240 வோல்ட் வரை மட்டும் ஏற்பது, மற்றொன்று 100 முதல் 240 வரை ஏற்பது. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். ஆனால் 182 வோல்ட் வரும் உங்கள் கடையில், முதல் வகை தினமும் தன் எல்லைக்கு வெளியே வேலை செய்ய வேண்டியிருக்கும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆக்டிவ் பிஎஃப்சி (லைனிலிருந்து மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ், உள்ளே வரும் ஏசி மின்சாரத்தை முதலில் ஏறத்தாழ 380 வோல்ட் டிசியாக உயர்த்திவிட்டு, அதன் பிறகே 12 வோல்ட்டாக இறக்குகிறது. வரும் வோல்டேஜ் குறையக் குறைய அதே வாட்டுக்காக அது கூடுதல் ஆம்பியரை இழுத்தாக வேண்டும். அதைத் தாங்குவதற்குப் பருமனான கம்பிச்சுருளும் வலுவான டிரான்சிஸ்டரும் வேண்டும். 200-240 வகையில் அந்த வலு தேவைப்படாது என்று செலவைக் குறைத்திருப்பார்கள். சிஎக்ஸ் 550 எனக்குத் தெரிந்து 100-240 வகை. ஆனாலும் லேபிளைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் அக்கறையோடு சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் எஸ்எம்பிஎஸ் உள்ளிருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். இனி தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள்.

மண்டபம் வாசி எழுதியது:

கோல்டு பற்றி ஒரு கணக்கு. 80 பிளஸ் சோதனையில் பாதிச் சுமைக்கு பிரான்ஸ் 85 சதவீதமும் கோல்டு 90 சதவீதமும் எட்ட வேண்டும். இது 115 வோல்ட்டில் வைக்கும் அளவு, நம் 230 வோல்ட்டில் இடைவெளி இன்னும் குறுகும். 250 வாட் சுமையில் அதிகம் போனால் 16 வாட் மிச்சம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டினாலும் மாதத்துக்கு நான்கு யூனிட்டைத் தாண்டாது. அதற்காக இவ்வளவு கூடுதல் விலை கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கழற்றி மாட்டும் கேபிளைப் பற்றி என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. மற்ற ஊர்களில் அது வசதி. ஆனால் நம் கரையில் ஒவ்வொரு கனெக்டரும் உப்பு ஏறுவதற்கு ஓர் இடம். எஸ்எம்பிஎஸ் பக்கத்திலும் கனெக்டர், மதர்போர்டு பக்கத்திலும் கனெக்டர் என்றால் பாசி பிடிக்கும் பின்கள் இரண்டு மடங்காகின்றன. பின்னில் துரு ஏறினால் தொடும் பரப்பு குறைந்து சூடு ஏறும். உங்கள் 24 பின் கனெக்டரில் ஒரே ஒரு பின் பழுத்ததற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். மதர்போர்டு பக்கத்துப் பின்னையும் பாருங்கள். அது கருத்திருந்தால் புது எஸ்எம்பிஎஸ்ஸின் கனெக்டரையும் கெடுத்துவிடும்.

கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராகக் கேபினட்டை வைக்காதீர்கள். நாள்கணக்கில் அணைத்தும் வைக்காதீர்கள். ஓடும் கணினியின் சூட்டில் ஈரம் உலர்ந்துவிடும். அணைந்து கிடக்கும் கணினியில்தான் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

வயரிங் வேலைக்காரர் எழுதியது:

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றினால் போதாது என்று நினைக்கிறேன். கம்ப்ரசர் ஓடும்போது உங்கள் கடையில் மட்டும் வோல்டேஜ் இறங்குகிறதா, பக்கத்துக் கடையிலும் இறங்குகிறதா என்று பாருங்கள். உங்கள் கடையில் மட்டும் என்றால், மீட்டருக்கு வரும் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) இணைப்பில் உப்பு பிடித்திருக்கலாம். மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் முழுதாக விட்டுப்போனால், ஒரு பேஸில் வோல்டேஜ் இறங்கி மற்றதில் 300-ஐத் தாண்டக்கூடும்; அதைச் சாதாரண எஸ்எம்பிஎஸ் தாங்காது. சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். இரண்டு மூன்று வோல்ட் இருந்தால் கவலையில்லை. பத்தைத் தாண்டினால் நீங்களே கை வைக்காமல் ஆளை அழையுங்கள்.

இன்வெர்ட்டர் வைத்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இருந்தால் அது சைன் அலை வகையாக இருக்க வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ் இரையும், சில வேளை அணைந்தும் விடும். இன்வெர்ட்டரின் பின்புறச் சுவிட்சை 'யுபிஎஸ்' பக்கம் வையுங்கள். எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிக்கும் நேரம் ஏறத்தாழ 16 மில்லி விநாடிதான். யுபிஎஸ் பக்கத்தில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறுவதற்குப் பத்து மில்லி விநாடி போலாகும், மறுபக்கத்தில் அதைவிட வெகு நேரம் பிடிக்கும்.

தங்கச்சிமடம் ஆல்பக்கடை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ராமநாதபுரம் போய் லேபிளைப் படித்துப் பார்த்தேன். கடையில் இருந்த எம்டபிள்யூஇ 200-240 வகை; சிஎக்ஸ் 550-இல் 100-240 என்று இருந்ததால் அதையே வாங்கிவிட்டேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 11 வோல்ட் காட்டியது. இன்று எலக்ட்ரீசியன் வந்து மெயினை இறக்கிவிட்டு மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்தபோது, நியூட்ரல் ஸ்குரூ முழுவதும் பச்சைப் பாசியாக இருந்தது. முனையை வெட்டிச் சுரண்டிப் புதிதாக முறுக்கியதும் 2 வோல்ட்டுக்கு வந்துவிட்டது. இன்வெர்ட்டர் சைன் அலை வகைதான், ஆனால் சுவிட்ச் இத்தனை நாளும் மறுபக்கம் இருந்திருக்கிறது. மாலையில் கம்ப்ரசர் ஓடும்போது மீட்டர் 204 காட்டியது, கணினி அணையவில்லை. மதர்போர்டு பக்கத்துப் பின் கருக்கவில்லை, லேசாக மங்கியிருக்கிறது. அதை எதைக் கொண்டு துடைப்பது என்று மண்டபத்து நண்பர் சொன்னால் உதவியாக இருக்கும்.

மண்டபம் வாசி எழுதியது:

கரண்டை முழுவதும் துண்டித்துவிட்டு, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தூரிகையால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பின்னின் மேல்பூச்சு போய்விடும். அரை மணி நேரம் உலரவிட்ட பிறகு மாட்டுங்கள்.