ஒன்ராறியோவில் ஸ்னோமொபைல் தட அனுமதிச்சீட்டு: காணி உரிமையாளருக்கு விலக்கு உண்டா?

கேள்வி:
வணக்கம். ஹாலிபர்ட்டன் பகுதியில் எங்களுக்கு ஒரு கொட்டேஜ் இருக்கிறது. ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கழகங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த தடம் ஒன்று எங்கள் காணியின் பின்பக்கமாகச் செல்கிறது. அண்மையில் 1998ஆம் ஆண்டுத் தயாரிப்பு ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வாகனம்) ஒன்றை வாங்கினோம். தடம் எங்கள் காணிக்குள்ளால் போவதால் அனுமதிச்சீட்டே தேவையில்லை என்கிறார் அயலவர். இது சரிதானா? 14 வயது மகன் ஓட்டலாமா?

பதில் 1:
அயலவர் சொன்னது பாதிதான் சரி. காணி உரிமையாளருக்கான விலக்கு அவருடைய காணிக்குள் இருக்கும் தடத்துக்கு மட்டுமே உரியது. தடம் அடுத்தவர் காணிக்குள் நுழைந்ததும் நீங்களும் சீட்டு வைத்திருக்க வேண்டும். தம் வீட்டுக்கு நேரடியாகச் செல்வதற்குத் தடத்தைப் பயன்படுத்துவோர், பொறிவைத்து விலங்கு பிடிக்கும் தொழிலாளர், பொலிஸார் போன்றோருக்கும் விலக்கு உண்டு என்றாலும், அது பயணத்தின் நோக்கத்தைப் பொறுத்ததே தவிர ஆளைப் பொறுத்ததன்று. உங்கள் வாகனம் 1999 அல்லது அதற்கு முந்திய தயாரிப்பு என்பதால், குறைந்த விலையிலான 'கிளாசிக்' சீட்டை வாங்கலாம்.

பதில் 2:
சீட்டு இருந்தால் மட்டும் போதாது. வாங்கிய 6 நாள்களுக்குள் வாகனத்தைச் சேர்விஸ் ஒன்ராறியோ எனும் மாகாண அரச சேவை நிலையத்தில் உங்கள் பெயருக்குப் பதிய வேண்டும். சொந்தக் காணிக்கு வெளியே ஓட்டுவதானால் காப்புறுதியும் தலைக்கவசமும் கட்டாயம். 12 வயது நிரம்பியவர்கள் ஸ்னோமொபைல் ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் பெற்றுத் தடத்தில் ஓட்டலாம். ஆனால் பொது வீதி வழியாக ஓட்டவோ வீதியைக் குறுக்கே கடக்கவோ 16 வயதாக வேண்டும். ஆகவே, மகன் ஓட்டப்போகும் தடம் எங்கெல்லாம் வீதியைக் கடக்கிறது என்பதை முதலில் வரைபடத்தில் பாருங்கள். பெற்றோர் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மொன்றியலில் இருந்து வரும் மைத்துனரிடம் கியூபெக் சீட்டு இருக்கிறது. அது இங்கே செல்லுமா? உறைந்த ஏரியில் ஓடுவதற்கும் சீட்டு வேண்டுமா?

பதில் 1:
கியூபெக் சீட்டு இங்கே செல்லாது. சீட்டு வாகனத்துக்கு உரியது என்பதால், தகுந்த ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் மைத்துனர் சீட்டு ஒட்டிய உங்கள் வாகனத்தை ஓட்டலாம். தமது வாகனத்தைக் கொண்டுவந்தால் அதற்கு ஒன்ராறியோ சீட்டு எடுக்க வேண்டும். ஏரியின் மேல் கம்பம் நட்டுக் குறித்த தடத்துக்கும் இதே விதிதான். குறிக்கப்படாத பனிப்பரப்பில் தடச்சீட்டுத் தேவையில்லை, ஆனால் பதிவும் காப்புறுதியும் அங்கேயும் தேவை. பனிக்கட்டியின் தடிப்பை உள்ளூர்க் கழகத்திடம் விசாரிக்காமல் ஏரியில் இறங்க வேண்டாம்.

பதில் 3:
கழகமொன்றில் தடம் பராமரிக்கும் தொண்டனாக ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். இந்தத் தடங்களில் பெரும்பகுதி தனியார் காணிகளில், உரிமையாளர்கள் மனமுவந்து கொடுத்த இசைவால் மட்டுமே திறந்திருக்கிறது. சீட்டுப் பணத்தில்தான் பனியைச் சமன்செய்யும் இயந்திரங்களும் வழிகாட்டிப் பலகைகளும் வருகின்றன. தடத்தை விட்டு விலகி ஒருவர் வயலில் ஓடினாலும், உரிமையாளர் அந்த இசைவைத் திரும்பப் பெற்றுவிடலாம். அப்போது இரண்டு ஊர்களை இணைக்கும் தடமே அறுந்துபோகும். உங்கள் காணியையும் அவ்வாறே கொடுத்திருக்கிறீர்கள் என்பதால், கழகத்தாரை நேரில் சந்தித்துப் பேசுங்கள். பருவகாலச் சீட்டை முன்கூட்டியே வாங்கினால் விலையும் குறையும்.