என் பான் நம்பர்ல எவனோ லோன் வாங்கிருக்கான், தனி சட்டம் எதும் இல்லையா?

திண்டுக்கல்காரன்:
பைக் லோனுக்கு பேங்க் போனா மேனேஜர் சிபில் ரிப்போர்ட்ட (நம்ம பேர்ல உள்ள கடன் கணக்கெல்லாம் காட்டுற ரிப்போர்ட்) என் பக்கம் திருப்பி காட்டுறார், நான் கேள்வியே படாத ஒரு லோன் ஆப்ல 18,000 ரூபா வாங்கி 2 வருஷமா கட்டலையாம், பான் என்னோடது, போன் நம்பர் யாரோடதோ. ஸ்டேஷன்ல கேட்டா "உன் பணம் எதும் போகலயே தம்பி, அப்புறம் என்ன கம்ப்ளைண்ட்"ங்கறாங்க. நம்ம ஸ்டேட்லயாவது இதுக்கு கடுமையா ஒரு சட்டம் கொண்டு வரக்கூடாதா?

கோர்ட்வாசல்:
சட்டம் இருக்கு தம்பி. ஐடி ஆக்ட் (தகவல் தொழில்நுட்ப சட்டம்) 66சி, அடுத்தவன் அடையாளத்த மோசடியா யூஸ் பண்ணா 3 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் வரை ஃபைன். பணம் போயிருக்கணும்னு அதுல எங்கயும் இல்ல. ஆனா ஜாமீன் கிடைக்கற கேஸ், இன்ஸ்பெக்டருக்கு கீழ உள்ளவங்க விசாரிக்கவும் கூடாது, அவரோ திருவிழா பந்தோபஸ்துல நிப்பாரு. ஸ்டேட் சைடுல 2014லயே குண்டர் சட்டத்துல சைபர் ஆளுங்களையும் சேத்தாச்சு, ஒரு வருஷம் உள்ள வைக்கலாம். வச்சா மட்டும் உன் சிபில் சரியாயிடுமா?

நியூஜெர்சி அக்கா:
அதான் பாயிண்ட். இங்க அமெரிக்கால 2018ல இருந்து கிரெடிட் ஃபைல (நம்ம கடன் ரிப்போர்ட்ட) ஃப்ரீயா பூட்டி வச்சுக்கலாம், நாம திறக்காம புதுசா எவனும் லோன் வாங்க முடியாது. டேட்டா லீக் ஆனா மக்களுக்கு சொல்லியாகணும்னு 2003ல கலிஃபோர்னியா ஆரம்பிச்சு 50 ஸ்டேட்லயும் வந்துருச்சு. (கார் வாங்கறப்ப பூட்ட திறக்க மறந்து ஷோரூம்ல அசடு வழிஞ்சது தனி கதை.)

சேலத்து மாம்பழம்:
ப்ரோ மொதல்ல சிபில் சைட்ல டிஸ்ப்யூட் போடுங்க, 30 நாள்ல முடிக்கலன்னா நாளுக்கு 100 ரூபா உங்களுக்கு தரணும், 2024 ஏப்ரல்ல இருந்து ரிசர்வ் பேங்க் ரூல். சிபில் மாதிரியே கடன் ரிப்போர்ட் தர்ற மத்த 3 கம்பெனி ரிப்போர்ட்டும் எடுங்க, வருஷத்துக்கு ஒரு தடவ ஃப்ரீ. அப்டியே சஞ்சார் சாத்தில (மத்திய அரசோட டெலிகாம் சைட்) உங்க பேர்ல எத்தன சிம் இருக்குன்னு பாருங்க, எங்கப்பா பேர்ல 4 காட்டுச்சு, அவர்கிட்ட இருக்கறது ஒரே ஒரு பட்டன் போன்.

திண்டுக்கல்காரன்:
டிஸ்ப்யூட் போட்டாச்சு. சஞ்சார் சாத்தில 3 நம்பர் காட்டுது, ஒன்னு என்னோடது, ஒன்னு அம்மாகிட்ட இருக்கு. மூணாவதோட கடைசி 4 நம்பர் அந்த லோன்ல இருக்கற போன் நம்பரோட அப்டியே ஒத்துப்போகுது. ரெண்டையும் பிரிண்ட் எடுத்துட்டேன் அண்ணே, 66சின்னு மேல பெருசா எழுதி காலைல திரும்ப ஸ்டேஷன் போறேன்.