மயிலாப்பூரில் இலவச நடை: 40 பேரைச் சேர்க்கலாமா?

கேள்வி: ஆகஸ்ட் 22 சென்னை தினத்தையொட்டி, கபாலீசுவரர் கோயில், மாடவீதிகள், லஸ் தேவாலயம் சுற்றிக்காட்டத் திட்டம். 40 பேர் அதிகமா?

பதில் 1: அதிகம்தாங்க. 20 பேரைத் தாண்டினால் மாடவீதி இரைச்சலில் பின்னால் நிற்பவர்களுக்குக் குரல் எட்டாது. இரண்டு குழுவாக்கி, 20 நிமிட இடைவெளியில் கிளப்புங்கள். கடைசியில் ஒரு தன்னார்வலர் கட்டாயம் வரணும். சாலையைக் கடக்கும்போதுதான் கூட்டம் அறுபடும்.

பதில் 2: காலை 6 மணிக்கே தொடங்குங்கள். ராஜகோபுரம் கிழக்குப் பார்த்தது, இளவெயிலில் சுதைச் சிற்பங்கள் துலங்கும். குளம் மேற்கே, காலையில் அங்கிருந்து பார்த்தால் கண் கூசும். ஆகவே ராஜகோபுரத்துக்கு எதிரே உள்ள சன்னதித் தெருதான் முதலில். இலவசம் என்பதால் பதிந்தவர்களில் பலர் வராமல் போவார்கள், முந்தின இரவே உறுதி கேளுங்கள்.

கேட்டவர்: செருப்பை எங்கே விடுவது?

பதில் 2: கோயிலுக்குள் போவதைக் கடைசியாக வைத்தால் அந்தச் சிக்கலே இல்லை. நடை அங்கேயே முடியட்டும்.