இடித்த கான்கிரீட்டை ஜல்லியாக்குவது சுழற்சிப் பொருளாதாரம் ஆகுமா?

கொத்தனார்பேரன்: கட்டுமானத் துறை சுழற்சிப் பொருளாதாரத்துக்கு, அதாவது பொருளைக் கழிவாக வீசாமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு, மாறி வருவதற்குச் சான்றாக இடிபாடுகளின் மீட்பு விழுக்காட்டைக் காட்டுவதை நான் ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2008ஆம் ஆண்டுக் கழிவு ஆணையில், கட்டட இடிபாடுகளில் எடைக்கணக்கில் 70 விழுக்காட்டை 2020க்குள் மீட்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. ஆனால் பள்ளத்தை நிரப்பக் கொட்டியதும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது. நேற்றுவரை சுவராக நின்றது இன்று குழிக்குள் கிடந்தால், அதில் சுழல்வது எது?

கம்பிக்கணக்கு: குழி நிரப்புவதை நானும் சுழற்சி என்று சொல்லமாட்டேன். ஆனால் இடித்த கான்கிரீட்டை நொறுக்கிப் புதிய கலவையில் ஜல்லியாகச் சேர்ப்பதையும் அதே தட்டில் வைப்பது நியாயமன்று. பழைய சாந்து ஒட்டியிருப்பதால் அந்த ஜல்லி நீரைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதும், அதனால்தான் விதிகள் அதன் பங்குக்கு வரம்பு கட்டியுள்ளன என்பதும் உண்மையே. வரம்புக்குள் சேர்த்தாலும் அந்த அளவுக்குப் பாறையை உடைக்காமல் விடலாமே.

கொத்தனார்பேரன்: பாறை மிஞ்சும், கரியமில வாயு குறையாது. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே அந்த வாயு வெளியேறுவதால், சூளையின் எரிபொருளை மாற்றினாலும் அந்தப் பங்கு அப்படியே நிற்கும். நொறுக்கினால் கிடைப்பது ஜல்லி மட்டுமே. கலவைக்குப் புதிய சிமெண்ட்தான் வேண்டும். ஆகவே உத்திரத்தை உத்திரமாகவும் செங்கல்லைச் செங்கல்லாகவும் மீட்பதே என் வாதம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரைத் தட்டினால் செங்கல் முழுதாகக் கழன்று வரும்; சிமெண்ட் சாந்தில் கட்டியதில் பெரும்பாலும் சாந்துக்கு முன்பு செங்கல் உடைந்துவிடும். போல்ட் பூட்டிய இரும்புச் சட்டத்துக்கும் வெல்டிங் செய்ததற்கும் இதே வேறுபாடுதான்.

கம்பிக்கணக்கு: அழகான வாதம்தான். ஆனால் கழற்றிய உத்திரத்தின் தரம் என்ன, எவ்வளவு பாரம் தாங்கியது, தீயில் சூடேறியதா என்று எதுவும் தெரியாதபோது, அது பாதுகாப்பானது என்று கையெழுத்திடும் பொறியாளர் யார்? மாதிரி வெட்டிச் சோதிக்கலாம். இடிப்பு ஒப்பந்தக்காரர் அதுவரை காத்திருக்கமாட்டார்.

மூன்றாம்தளம்: ஒவ்வொரு உறுப்பின் தரமும் இணைப்பு முறையும் பதிந்த பொருள் ஆவணத்தைக் கட்டும்போதே உருவாக்கினால் இந்தச் சிக்கல் குறையுமே.

கம்பிக்கணக்கு: நாளைய கட்டடத்துக்குச் சரி, ஆவணம் இருந்தால் நானே கையெழுத்திடுவேன். இன்று இடிபடுபவற்றுக்கு அது இல்லை என்பதால், நொறுக்கும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

கொத்தனார்பேரன்: நிறுத்தச் சொல்லவில்லை. எடையால் அளக்கும்வரை ஒரு லாரி இடிபாட்டுக்கு முன்னால் கழற்றி எடுத்த நூறு சன்னல்கள்கூடக் கணக்கில் தெரியாது. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.